இரண்டாம் பிரிவின் இடது முழங்கால்

அந்த செப்டெம்பர் மாதம் வரைக்கும் என் கைக்கு வந்த முழங்கால்களில் பெரும்பாலானவை அறுபது வயதைக் கடந்தவை. நான் வேலை செய்யும் சிகிச்சை நிலையம் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சார் ஆற்றின் கரையில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அப்பால் தெரிகிற மரங்கள் பிரான்ஸ் நாட்டு மரங்கள். இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களாக இருந்தது. சுரங்கத்துக்குள் குந்தியும் முழங்காலில் நின்றும் வேலை செய்த மனிதர்கள், வயதான பிறகு செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் நடக்கப் பழக எங்களிடம் வருவார்கள்.

நான் இயன்மருத்துவர். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு அகதியாக வந்து, டோர்ட்மண்டில் பள்ளிக்கூடம் போய், அங்கேயே மூன்று வருட அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பையும் முடித்தேன். கல்யாணம் கட்டிக்கொண்டு இந்த எல்லையோர ஊருக்கு வந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகிறது. ஆட்களின் காலைப் பிடிக்கிற வேலைக்கு ஏன் போகிறாள் என்று சொந்தக்காரர் சிலர் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து, நான் சோதனையில் தேறிய அன்றைக்குத்தான் சொன்னார்.

எல்லைக்கு அப்பால், சிறியதொரு பிரெஞ்சு நகரத்தில், தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் ஒன்று இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. பல வருடங்களாக அது அந்த நாட்டின் இரண்டாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களில் முடிக்கிற அணிகள் நேராக முதலாம் பிரிவுக்கு ஏறும். அடியில் முடிக்கிற அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். இதெல்லாம் எனக்கு என் கணவர் சொல்லித்தான் தெரியும். அவர் டிராம் ஓட்டுகிறவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் பந்தடித்தவர். எந்த நாட்டில் எந்தப் பிரிவில் யார் விளையாடினாலும் அதன் முடிவு அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் தெரிந்திருக்கும்.

மோசமாகக் காயப்படும் ஆட்டக்காரர்களை அந்தக் கழகம் ஆற்றைத் தாண்டி எங்கள் நிலையத்துக்கு அனுப்பும். அவர்களைப் பார்ப்பதற்கு எங்களிடம் தனியாக ஒருவர் இருந்தார். அவர் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன மறு கிழமையே அணித்தலைவரை அனுப்பினார்கள். ஆகஸ்ட்டில், பருவகாலத்தின் மூன்றாவது ஆட்டத்தில், தலையால் பந்தை முட்டிவிட்டு இறங்கியபோது இடது முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குச் சவ்வு அறுந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை, யாரும் தட்டிவிடவில்லை. இறங்கின விதம் பிழைத்துப்போனது. சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுகோல்களோடு வந்தார். முப்பத்துநான்கு வயது. ஜூன் மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அந்தப் பருவகாலத்தில் மறுபடியும் ஆட முடியாமல் போனால், அந்த வயதில் காயப்பட்ட காலோடு எந்தக் கழகமும் எடுக்காது. அவருக்கு அது தெரியும். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் ரெர்மினுக்கு, அதாவது முதல் சந்திப்புக்கு, அவரோடு கழகத்தின் உடற்பயிற்சியாளரும் வந்தார். இதற்கு முன் தொழில்முறை ஆட்டக்காரர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். ஒருவரையும் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு யோசித்தேன். ஆனால் முழங்காலுக்கு முன்னால் பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை, இரண்டு கிழமையில் அது காட்டிக் கொடுத்துவிடும்.

உடற்பயிற்சியாளர் வெளியே போய் நின்றார். நான் கட்டிலில் துவாய் ஒன்றைச் சுருட்டிக் குதிக்காலின் கீழே வைத்து, முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தும்படி பிரெஞ்சில் கேட்டேன். டோர்ட்மண்டில் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, அதுவும் நொண்டிக்கொண்டுதான் வரும். அவர் கண்ணை மூடி அழுத்திப் பார்த்தார். தொடை அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏலாது."

என் காதில்தான் பிழை என்று நினைத்தேன். குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஏலாது அக்கா. நோகுது," என்றார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாரிசுக்கு வந்தவர்கள். நகரத்துக்கு வெளியே ஒரு தொடர்மாடியில் ஐந்தாம் தளத்தில் அவர்களுடைய வீடு. மூன்றாம் தளத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டு மூன்று பெடியன்களோடு வாகனத் தரிப்பிடத்தில் பந்தடித்துத்தான் அவர் உதைபந்தாட்டம் பழகினாராம். அவர்களுடைய அம்மா புட்டும் மீன்குழம்பும் போட்டுக் கொடுப்பாராம். அப்படிச் சேர்த்துக்கொண்ட முப்பது நாற்பது தமிழ்ச் சொற்கள் அவரிடம் இருந்தன. ஓடு, பந்தைத் தா, சும்மா இரு, காணும், ஏலாது. என் பெயரைப் பட்டியலில் பார்த்ததுமே தமிழாள் என்று கண்டுபிடித்துவிட்டாராம். சொல்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் நோவு முந்திக்கொண்டது.

அன்று தொடங்கி எங்களுக்குள் ஒரு கலவை மொழி உண்டானது. என் நொண்டிப் பிரெஞ்சு, அவருடைய முப்பது தமிழ்ச் சொற்கள், இடையில் கொஞ்சம் கைச்சாடை. முதல் ஆறு கிழமையில் செய்த வேலைகளை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. முழங்காலை நிமிர்த்துவது, மடக்குவது, நித்திரையாகிப்போன தொடைத் தசையை எழுப்புவது. ஒவ்வொரு வெள்ளியும் அளவுநாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்தேன். இடது தொடை ஒரு பள்ளிக்கூடப் பெடியனுடையதைப் போல மெலிந்துபோயிருந்தது. அளக்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் வந்த அதே நேரத்தில்தான் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் குழுவும் பயிற்சிக்கு வரும். ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ புது மூட்டு. அவர்களில் ஒருவர் ஆள் நல்ல உயரம், பருமன், இரண்டு முழங்காலும் மாற்றியவர். மற்றவர்களுக்கு அவர்தான் தலைவர் போல. பிரெஞ்சு இரண்டாம் பிரிவு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. அக்டோபர் முடிவதற்குள் திங்கட்கிழமை காலைகளில் பயிற்சிக்கூடம் முழுவதும் அந்தக் கழகத்தின் கதையாகவே இருந்தது. அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமையே முடிவுகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு வந்து, சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் அணித்தலைவரிடம் ஜெர்மன் மொழியில் விளக்கம் கேட்பார். அவர் பிரெஞ்சில் பதில் சொல்வார். நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். பின்வரிசையை ஏன் இவ்வளவு மேலே நிறுத்துகிறார்கள் என்பதை ஜெர்மனில் சொல்லவேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டு, உப்புப்போத்தலையும் மிளகுப்போத்தலையும் மேசையில் அடுக்கிப் படித்துக்கொண்டு, மறுநாள் சரியாகச் சொன்னேன்.

கழகம் அந்த வருடம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும் என்றுதான் பத்திரிகைகளில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். தலைவரும் இல்லாமல் ஆரம்பத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். ஒரு வெற்றி, ஒரு சமநிலை, பிறகு தொடர்ந்து வெற்றிகள். நத்தார் வந்தபோது பட்டியலின் நடுவில் நின்றார்கள். ஜனவரி முடிந்தபோது நாலாம் இடம். தன்னுடைய அணி தானில்லாமல் ஏறிப் போவதைப் பார்க்க அவருக்குச் சந்தோசமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார்.

பெப்ரவரி நடுப்பகுதியில் சிக்கல் வந்தது. அணியில் ஒரு பின்காப்பாளருக்குச் சிவப்பு அட்டை, இன்னொருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமையில் முதலிடத்தில் இருந்த அணியோடு ஆட்டம். தலைமைப் பயிற்றுநர் தானே கார் ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தார். ஒல்லியான மனிதர், மேல்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தரை மாதம் ஆகிவிட்டது, ஓடுகிறார், பந்து தட்டுகிறார், இனி என்ன என்று கேட்டார். அணித்தலைவரும் ஆடத் தயார் என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கட்டளையும் இருந்தது.

சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தசை வலிமையை அளக்கும் இயந்திரத்தில் இருத்தினேன். இடது கால் வலது காலை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. பிறகு ஒற்றைக் காலில் பாய்ந்து அதே காலில் இறங்கச் சொல்லிக் காணொளி எடுத்தேன். வலது காலில் இறங்கும்போது மரம் நட்டதுபோல நின்றார். இடது காலில் இறங்கும்போது முழங்கால் ஒரு கணம் உள்பக்கமாகச் சரிந்தது. ஆகஸ்ட்டில் சவ்வு அறுந்தபோதும் அப்படித்தான் சரிந்திருந்தது.

பயிற்றுநரிடம் அதைக் காட்டினேன். அரை நொடி விசயம், ஆட்டத்தில் உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும் என்றார். எங்கள் நிலையத்தின் முகாமையாளர் என்னை வெளியே கூப்பிட்டு, கழகம் தன் ஆட்களை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் நிலையத்துக்கு என்னாகும் என்று மெல்லிய குரலில் விளக்கினார். இருபது வருடம் முதியவர்களின் முழங்கால்களைப் பிடித்தவள், நான் ஒரு தொழில்முறைப் பயிற்றுநருக்கு எதிராக நிற்கிறேன். ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ என்ற எண்ணம் வந்தது. உள்ளே போய், அந்தக் காணொளியை இன்னொரு முறை, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். முழங்கால் சரிந்தது. எனக்குத் தெரிந்தது சரிதான்.

"இந்தக் கால் ஆடத் தயார் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று பயிற்றுநரிடம் பிரெஞ்சில் சொன்னேன். "வேறு யாராவது போட விரும்பினால் தாள் இங்கே இருக்கிறது. காணொளியையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்."

தாள் மேசையில் அப்படியே கிடந்தது. கூட வந்திருந்த கழகத்தின் வைத்தியரும் போடவில்லை. பயிற்றுநர் எழுந்து போனார். அணித்தலைவர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் போனார்.

அன்று சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கணவர் முழுக் கதையையும் கேட்டார். முதலிடத்து அணியோடு ஆட்டம் என்றதும் அவருடைய முகத்தில் ஒரு வேதனை ஓடியது, அதை நான் கவனித்தேன்.

"அந்தக் கால் சரியில்லை எண்டு உமக்கு வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப சாப்பிடும்."

அந்த ஆட்டத்தில் கழகம் தோற்றது. அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கூடத்தில் பெரியவர் முடிவு எழுதின தாளை வெளியே எடுக்கவில்லை. அணித்தலைவர் நேரம் தவறாமல் வந்தார், சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. "மதாம்" என்றார். இரண்டு கிழமை அப்படியே போனது. அந்தச் சொல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்டதால் அந்தக் காணொளியை அவருடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தேன். இன்னொரு வைத்தியரிடம் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை, குழு வருவதற்கு முன்னமே வந்து, கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தார். காணொளியை நிறுத்தி வைத்திருந்தார். கால் நிலத்தைத் தொடுகிற கணம். விரலால் முழங்காலைக் காட்டினார்.

"அக்கா, இது உள்ளுக்குப் போகுது," என்றார். தமிழில்தான் சொன்னார். பிறகு பிரெஞ்சில், இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது, முதலில் உங்களிடம் பிழை பிடிக்கத்தான் பார்த்தேன் என்றார். இனி நீங்கள் சொல்கிற நாள் வரைக்கும் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

மார்ச் நடுப்பகுதியிலிருந்து வேலையைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கற்களும் மண்ணும் சேர்ந்து மலையாகிப்போன மேடு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் புல்லும் பேர்ச் மரங்களும் முளைத்திருக்கின்றன. அதன் சரிவில் அவரை ஏறவைத்தேன், இறங்கவைத்தேன், பக்கவாட்டில் பாயவைத்தேன், நான் கைகாட்டும் திசைக்குச் சட்டென்று திரும்பவைத்தேன். பெரியவருக்கு இது தெரிந்ததும், தன் காலத்தில் தாங்கள் வெட்டி வெளியே அனுப்பிய கல்தான் அது என்று சொல்லி, இரண்டு கைத்தடிகளோடு மேட்டின் அடிக்கு வந்து நின்றார். பிறகு குழுவில் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். அணித்தலைவர் உச்சிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கைத்தடிகளால் நிலத்தில் தட்டினார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு நாள், ஒற்றைக் காலில் பாய்ந்து இடது காலில் இறங்கியபோது, அந்தக் காலும் மரம் நட்டதுபோல நின்றது. மூன்று தரம் பாயச் சொன்னேன். மூன்று தரமும் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தரம் பாயச் சொன்னேன், எனக்காக.

மே மாதம் தொடங்கியபோது தாளில் கையெழுத்துப் போட்டேன். கழகம் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தது, இரண்டாம் இடத்து அணிக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால். கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் அவரைப் பத்து நிமிடம் இறக்கினார்கள். அதில் கழகம் வென்றது, அதே நாளில் இரண்டாம் இடத்து அணி சறுக்கியதால் அந்த இடத்துக்கும் ஏறியது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். வென்றால் முதலாம் பிரிவு. வேறு யாருடைய முடிவையும் பார்க்கத் தேவையில்லை.

பெரியவர் ஒரு சிற்றுந்து ஏற்பாடு செய்தார். ஏழு முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள், பதினொரு செயற்கை மூட்டுகள், கணவர், நான். கணவர் அன்றைக்கு வேலையிடத்தில் விடுப்புக் கேட்டு வாங்கியிருந்தார். மே மாதத்து மாலை வெயில் மைதானத்தின் ஒரு பாதியில் விழுந்திருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உதைபந்தாட்ட மைதானத்துக்குள் இருந்தேன். தொலைக்காட்சியில் தெரியாத ஒரு விசயம், பந்தை உதைக்கிற சத்தம். அது நெஞ்சில் வந்து மோதியது.

முதல் பாதி முடிவதற்குச் சற்று முன் கழகம் ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் எதிரணி முழுதாக ஏறி வந்தது. இருபது நிமிடம் மிச்சமிருக்கையில் பயிற்றுநர் திரும்பி அணித்தலைவரைக் கூப்பிட்டார். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகில் வந்து நின்றபோது மைதானம் முழுவதும் எழும்பியது. தலைவர் பட்டியை ஒருவர் ஓடிவந்து அவருடைய கையில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இடது முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பந்தைப் பாருமப்பா," என்றார் கணவர்.

என்னால் முடியவில்லை. அந்த நேரத்தில்தான், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் எல்லோரையும் கடந்து கோலை நோக்கித் தனியே ஓடினார். அணித்தலைவர் எதிர்த்திசையைப் பார்த்து நின்றிருந்தார். இடது காலை ஊன்றி, முழு உடம்பையும் அதன்மேல் வைத்துத் திரும்பினார். நான் பார்த்தேன். முழங்கால் நேராக நின்றது. அடுத்த கணம் அவர் ஓடிக்கொண்டிருந்தார். மேட்டில் ஓடினமாதிரித் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். பந்து எதிராளியின் காலைவிட்டுப் புறப்பட்டபோது அவர் சறுக்கிக்கொண்டு போய்த் தன் காலை நீட்டினார். பந்து அதில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. அவர் விழுந்து கிடந்தார். பிறகு எழும்பினார், இரண்டு காலாலும், சாதாரணமாக, கதிரையிலிருந்து எழும்புகிறவரைப் போல. அப்போதுதான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது, தமிழில் ஏதோ என்று கணவர் சொல்கிறார்.

ஊதல் ஊதியதும் சனம் வேலியைத் தாண்டி இறங்கியது. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். கணவர் முன்பின் தெரியாத பிரெஞ்சுக்காரர் ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் உடுப்புப் போட்ட பணியாளர் ஒருவர் எங்கள் வரிசைக்கு வந்து, இயன்மருத்துவர் யார் என்று கேட்டு, கதவைத் திறந்து என்னை மைதானத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். புல் நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது.

பயிற்றுநர் முதலில் வந்தார். பெப்ரவரியில் அவரை ஆடவிட்டிருந்தால் இன்றைக்கு எனக்குத் தலைவர் இருந்திருக்கமாட்டார் என்றார். அவ்வளவுதான். கையைக் குலுக்கிவிட்டு நடந்தார். அதைச் சொல்லத்தான் அந்தக் கூட்டத்துக்குள் என்னைத் தேடியிருக்கிறார் என்பது எனக்குப் போதும்.

அணித்தலைவர் கோல் கம்பத்தடியில் நின்றார். உடம்பெல்லாம் புல். தன் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார், பாரிசிலிருந்து வந்திருந்த உயரமான, மஞ்சள் முக்காடு போட்ட பெண். என்னைக் காட்டி அவரிடம் தங்கள் மொழியில் நீளமாக எதையோ சொன்னார். இடையில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது, அக்கா. அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கைகளைத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவற்றைத் தன் கன்னங்களில் வைத்துக்கொண்டார். எங்களைச் சுற்றி ஒரு நகரமே பாடிக்கொண்டிருந்தது.